மாமாவை வடிவாக்கிய கதை

எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான். அவனுக்கு வடிவுதான் முக்கியம். வடிவு எல்லாருக்குந்தானே பிடிக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். உங்களுக்குப் பிடிப்பது வேறு, அவனைப் பிடித்திருப்பது வேறு. உங்களுக்குப் பிடிப்பது பூ, நிலா, நல்ல சேலை. அவனைப் பிடித்திருப்பது ஒரு வருத்தம். மருந்து இல்லை. மருந்து இருந்தாலும், குளிசையின் நிறம் சரியில்லை என்று விழுங்கமாட்டான்.

மொன்றியலில் தை மாதத்தில், மூக்கு இன்னும் முகத்தில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டிய குளிரில், அவன் மெல்லிய கறுப்புக் கோட்டு ஒன்றோடு நடந்து திரிவான். தடித்த கோட்டு வீட்டில் இருக்கிறது. மனைவி வாங்கிக் கொடுத்தது. அதன் பச்சை அவனுக்குச் சரிவரவில்லையாம். அவன் வீட்டுத் தெரு மூலையில் ஒரு டெப்பனர், சின்னப் பலசரக்குக் கடை, இருக்கிறது. பால் முடிந்தால் செருப்போடேயே ஓடிப் போய் வாங்கி வரலாம். ஆனால் கடைப் பலகையில் எழுத்துகள் சரிந்து கிடப்பதால் அவன் அதற்குள் கால் வைக்கமாட்டான். இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடைக்குப் போவான். ஜான்-டலோன் சந்தையில் அவனோடு கத்தரிக்காய் வாங்கப் போனவர்கள் இரண்டாம் முறை போனதில்லை. ஒவ்வொரு காயையும் வெயிலுக்குப் பிடித்து, திருப்பி, நிறத்தைப் பார்ப்பான். வீட்டில் வெட்டினால் உள்ளே புழு இருக்கும். மனைவி காட்டுவாள். "பாத்தியே, அதுக்கும் வடிவான கத்தரிக்காய்தான் பிடிச்சிருக்கு" என்பான்.

ஒருநாள் என்னிடம் சொன்னான்: "மச்சான், சாப்பாடு, வீடு, வேலை எல்லாம் மிருகத்துக்கும் இருக்கு. வடிவு ஒண்டுதான் மனுசனுக்கு."

"மிருகத்துக்கு எங்கயடா வேலை?"

"குதிரைக்கு இருக்கு."

இதற்கு மேல் என்ன கதைப்பது? நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன். குதிரையையும் மனிதனையும் அன்றைக்குப் பிரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவனுடைய தொழிலையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவில் படங்களுக்கு 'ரச்' பண்ணுகிறவனாக இருந்தான். மற்றவர்கள் படம் எடுப்பார்கள். இவன் இருட்டறைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கூர்தீட்டிய பென்சிலாலும் பிளேட்டாலும் முகப்பருவை எடுப்பான், அம்மைத் தழும்பை எடுப்பான், ஒரு கண் சின்னதென்றால் மற்றதோடு சமாதானம் பண்ணி வைப்பான். கலியாணம் பேச அந்தப் படந்தான் போகும். "யாழ்ப்பாணத்தில பாதிக் கலியாணம் என்ர பென்சில் நுனியில நடந்தது" என்று பெருமை பேசுவான். கலியாணத்துக்குப் பிறகு அந்த மாப்பிள்ளைமார் இவனைத் தேடி அலைந்திருப்பார்கள் என்பது என் கருத்து. இங்கே வந்து பார்க் எக்ஸ்ரென்ஷனில் ஒரு நிலக்கீழ் அறையை வாடகைக்கு எடுத்து, கலியாண அட்டை, சாமத்திய வீடு என்ற பூப்பு விழா அட்டை, நினைவு மலர் என்று அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் என் மாமா, அதாவது மனைவியின் தகப்பன், காலமானார். மொன்றியலின் ஓரத்தில் ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டில், எங்களோடுதான் இருந்தவர். செத்தவீடு முடிந்தது. அடுத்தது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. எங்கள் ஆட்களுக்கு அன்றைக்கு நினைவு மலர் அடிக்காவிட்டால் மனுசன் முழுதாகச் செத்ததாகக் கணக்கில்லை. முன் அட்டையில் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களின் கையில் ஆளுக்கு ஒன்று கொடுத்து அனுப்ப வேண்டும்.

ரொறன்ரோவில் இருக்கும் மனைவியின் தமையன் ஐயரையும் சமையலையும் பொறுப்பெடுத்தார். "புத்தகம் ஆர் பாக்கிறது?" என்று கேட்டபோது என் வாய் என்னைக் கேளாமலே திறந்தது.

"அதுக்கென்ன, என்ர கூட்டாளி இருக்கிறான்."

மாமாவின் படம் என்பது லேசான விஷயம் இல்லை. கமெராவைக் கண்டால் அந்த மனுசனுக்கு உடனே ஏதாவது வேலை வந்துவிடும். கதிரை எடுக்கப் போவார், யாருடையோ கோட்டைத் தூக்கி வைக்கப் போவார், காரைத் தள்ளி நிறுத்தப் போவார். எங்கள் கலியாண அல்பத்தில் அவருடைய முழங்கை இருக்கிறது. இன்னோர் அல்பத்தில் முதுகு இருக்கிறது. ஒரு பிறந்தநாள் படத்தில் கேக்குக்குப் பின்னால் பாதிக் காது. எல்லாவற்றையும் வெட்டி ஒட்டினாலும் ஒரு மாமா வரமாட்டார்.

ஒழுங்காக முகம் விழுந்த படம் ஒன்றே ஒன்றுதான். மாமியின் ஒன்றுவிட்ட தம்பி லண்டனில் இருந்து வந்தபோது எங்கள் வீட்டுப் பல்கனியில் வைத்து, சொல்லாமல் எடுத்தது. தலையில் கம்பளித் தொப்பி. சட்டைக் கொலரில் ஒரு பக்கம் ஸ்வெற்றருக்கு உள்ளே, மற்றப் பக்கம் வெளியே. வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. மாமியைப் பார்த்து ஏதோ சொல்லத் தொடங்குகிறார். மூக்கின் ஓரத்தில் மல்லி விதை அளவில் அவருடைய மச்சம். எடுத்தவர் ஒரே ஒரு படந்தான் கழுவி அனுப்பினார்; பிலிம் சுருள் வீடு மாறும்போது தொலைந்துவிட்டதாம். மாமி அந்தப் படத்தைக் கட்டிலருகே விளக்கில் சாய்த்து வைத்திருந்தார்.

அதை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் தந்தார். "தம்பி, கவனம். எனக்கு இது ஒண்டுதான் கிடக்கு."

"மாமி, என்ர உயிரைப் போலப் பாப்பன்" என்றேன். நான் சிகரெட்டும் கொத்துரொட்டியுமாய் என் உயிரைப் பார்த்துக்கொள்ளும் விதம் தெரிந்திருந்தால் மாமி அப்போதே படத்தைத் திருப்பி வாங்கியிருப்பார்.

நண்பன் படத்தை வாங்கி விளக்கின் கீழே வைத்துப் பார்த்தான். தெருவில் விபத்தைக் கண்டவன் போல அவன் முகம் போனது.

"என்ன மச்சான் இது?"

"மாமாவடா."

"அது தெரியுது. ஏன் இப்பிடி இருக்கிறார்?"

"அவர் அப்பிடித்தான். கொஞ்சம் வடிவாச் செய்து தா."

கொஞ்சம் வடிவாச் செய்! இதை நான் வேறு எவனிடமும் சொல்லியிருக்கலாம். தச்சுவேலைக்காரனிடம், தலைமுடி வெட்டுகிறவனிடம், இட்டலி அவிக்கிறவனிடம். இவனிடம் போய்ச் சொன்னேன்.

அந்தியேட்டிக்கு முதல்நாள், சனிக்கிழமை காலை, புத்தகங்களை எடுக்கப் போனேன். பெட்டிகளைக் காரில் ஏற்றிவிட்டு, ஒன்றைத் திறந்தேன். அட்டையில் ஒரு கனவான் இருந்தார். கருநீலக் கோட்டு, வெள்ளிக்கோடு போட்ட ரை, பக்கவகிடு எடுத்து அலை அலையாய் வாரிய முடி, மூடிய வாய், அதில் ஒரு அளவான புன்னகை. பின்னால் விடியற்கால வானம். ஒரு வங்கியைத் திறந்து வைக்கப் போகிறவர் போல இருந்தார். பாவம், யாரோ பெரிய மனுசர் செத்துப் போயிருக்கிறார், அவருடைய பெட்டியை எனக்கு மாறித் தந்துவிட்டான் என்று நினைத்தேன். அவருக்காகக் கொஞ்சம் கவலையும் பட்டேன். பிறகு கீழே எழுதியிருந்ததை வாசித்தேன். மாமாவின் பெயர்.

எனக்குப் பதகளிப்பு வந்தால் பசிக்கும். மற்றவர்களுக்கு நெஞ்சு அடிக்கும், வியர்க்கும், சாமி பெயர் வாயில் வரும். எனக்குப் பசிக்கும். அடுத்த நாள் வருகிறவர்களுக்கு என்று வாங்கி வைத்திருந்த மிக்ஸர் பையைப் பிய்த்து, காருக்குள் இருந்தபடியே, அந்தக் கனவானைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டேன். பை பாதியானபோது புத்தி வந்தது. இறங்கி ஓடினேன்.

"டேய், இது ஆர்?"

"உன்ர மாமா."

"என்ர மாமாவுக்கு முடி இல்லையடா!"

"இருந்திருக்கும்."

"எப்ப?"

"எப்பவோ ஒரு காலத்தில இருந்திருக்குந்தானே. மனுசன் பிறக்கேக்கையே தொப்பியோடையோ பிறந்தவர்?"

"அவர் வாழ்க்கையில கோட்டுப் போட்டதே இல்லை."

"அதுதான் நான் போட்டு விட்டனான். மச்சான், கேள். உயிரோட இருக்கேக்க எங்கட ஆக்கள் வடிவா இருக்க நேரமில்லாமல் ஓடித் திரியிறாங்கள். செத்த பிறகாவது ஒருக்கா வடிவா இருக்கட்டுமே! உண்மை எண்டது ஆர் வேணுமெண்டாலும் எடுக்கலாம், கமெராவை அமத்தினால் வருது. வடிவுதான் கஷ்டம்."

கடவுளே என்று இருந்தது. இவனோடு வாதாடி நான் எப்போது வென்றிருக்கிறேன்? திருப்பி அச்சடிக்கவும் நேரமில்லை. அட்டை வேறோர் இடத்தில் அடித்து, பளபளவென்று பிளாஸ்ரிக் தாள் ஒட்டி வர வேண்டும். நாளைக்கு விடிந்தால் அந்தியேட்டி. "சரி, கதையை விடு. மாமியின்ர படத்தைத் தா" என்றேன்.

மெல்லிய வெள்ளைத் தாளில் சுற்றி, ஒரு நகை போலக் கொண்டுவந்து தந்தான். பிரித்தேன். தொப்பி இருந்தது. ஸ்வெற்றர் இருந்தது. கொலர் ஒரு பக்கம் உள்ளே, ஒரு பக்கம் வெளியே. வாய் திறந்திருந்தது. அப்பாடா, மாமா தப்பினார் என்று மூச்சு விட்டேன். ஆனால் முகத்தில் ஏதோ குறைந்தது. விளக்கின் வெளிச்சம் விழுகிறதாக்கும் என்று படத்தைச் சரித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன்.

"மச்சம் எங்கயடா?"

"எடுத்திட்டன்."

"கொம்பியூட்டரிலதானே எடுத்தனி?"

"சேச்சே. கொம்பியூட்டரில எடுத்தால் தோல் பிளாஸ்ரிக் மாதிரி வரும். முகத்துக்குக் கைதான் வடிவு. முதல் படத்திலயே பிளேட்டால மெல்லமாச் சுரண்டி, மேல நிறம் குடுத்து, பேந்துதான் மெசினுக்குள்ள வச்சனான். எங்க, ஒரு அடையாளம் தெரியுதோ பார்!"

தெரியவில்லை. அதுதான் கொடுமை. அப்படி ஒரு வேலை. மாமாவுக்குப் பிறந்த நாள் தொடக்கம் அந்த இடத்தில் ஒன்றுமே இருந்ததில்லை என்று நான் கோவிலில் சத்தியம் பண்ணலாம் போலிருந்தது. முன்னால் கொம்பியூட்டர் நிற்கிறது. இவன் யாழ்ப்பாணத்து இருட்டறையில் இருந்தது போல பிளேட்டைக் கையில் எடுத்திருக்கிறான். யாருடையோ கலியாண அட்டைப் பெட்டி மேல் இருந்துவிட்டேன்.

"எழும்பு மச்சான், மூலை மடங்கப் போகுது" என்றான். பெட்டியின் மூலையைத்தான் சொன்னான்.

ரொக்ஸ்பரோவுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போகும்போது என் மூளை வேலை செய்த வேகத்தை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. படங்கள் வெயிலில் நிறம் மங்குவதில்லையா, முதலில் மச்சந்தான் மங்கும் என்று சொல்லலாம் என்று யோசித்தேன். படம் தொலைந்தது என்று சொல்லி, அழுது, மாமியே என்னை ஆறுதல்படுத்தும்படி செய்யலாம் என்றும் யோசித்தேன். கார்க் கண்ணாடியைத் திருப்பி அழுது பார்த்தேன். கொட்டாவி விடுகிறவன் போலிருந்தது. பக்கத்துக் காரில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி பரிதாபமாகத் தலையாட்டினாள். கடைசியில், மாமி சமையலறையில் இருக்கும்போது படத்தைச் சத்தமில்லாமல் விளக்கடியில் வைத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். மாமிக்கு வெள்ளெழுத்து. கண்ணாடியும் அடிக்கடி தேடுவார். ஒரு மனிதன் தன் மாமியாரின் பார்வைக் குறைவில் இவ்வளவு நம்பிக்கை வைத்தது அந்த நெடுஞ்சாலையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

வீட்டு வாசலிலேயே மனைவி பெட்டியை வாங்கித் திறந்துவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, இது ஆர்?"

"உம்மட அப்பா."

"என்ர அப்பாவோ?"

"வடிவாப் பாரும்."

"வடிவாத்தான் இருக்கு. அதாலதான் கேக்கிறன்."

அதற்குள் மாமி சேலைத் தலைப்பில் கை துடைத்துக்கொண்டு சமையலறையால் வந்துவிட்டார். கண்ணாடி மூக்கில் இருந்தது. தேவையில்லாத நேரத்தில் எல்லாம் சரியாக இருக்கும். புத்தகத்தை வாங்கி, தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, மரியாதையாக என்னைப் பார்த்தார்.

"ஆர் தம்பி இவர்? உங்கட வேலையிடத்துப் பெரியவரோ?"

மனைவி சிரித்தாள். சிரித்தபடியே அழத் தொடங்கினாள். இரண்டும் ஒன்றாக வந்தால் மனிதர் எந்தப் பக்கம் நிற்பது? நான் வாசலிலேயே சப்பாத்தோடு நின்றேன்.

மாமி அட்டையில் பெயரை வாசித்தார். புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்தார். "சரி, அது கிடக்கட்டும். என்ர படத்தைத் தாங்கோ."

"பேந்து தாறன் மாமி."

"ஏன் பேந்து?"

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கொடுத்தேன். யன்னலடிக்குக் கொண்டுபோனார். அவருடைய பெருவிரல் நேராக மூக்கின் ஓரத்துக்குப் போய், தூசி தட்டுவது போல ஒருமுறை தேய்த்தது. இன்னொருமுறை தேய்த்தது.

"இதில இருந்தது எங்க?"

என் வாயைப் பற்றி முன்பே சொன்னேன். பயந்தால் அது பகிடி விடும். "மேல போகேக்கை பாரத்தைக் குறைச்சுக்கொண்டு போயிருக்கிறார் மாமி" என்றது.

ஒருவரும் சிரிக்கவில்லை. மாமி படத்தில் இருந்து கண்ணை எடுக்காமல், "இதைச் செய்த தம்பியைக் கூப்பிடுங்கோ" என்றார்.

தொலைபேசியில், "பிரஷும் நிறமும் கொண்டு வா" என்று மட்டும் சொன்னேன். மற்றதை வேறு சொற்களில் சொன்னேன். அவை இங்கே வேண்டாம். மத்தியானம் ரயிலில் வந்து இறங்கினான். அந்த மெல்லிய கறுப்புக் கோட்டு, கழுத்தில் ஒரு சால்வை, கையில் சின்ன மரப்பெட்டி. வீட்டுக்குள் வந்தவன் முதல் வேலையாக வரவேற்பறையை ஒரு சுற்றுப் பார்த்தான்.

"உந்தத் திரைச்சீலை ஆர் வாங்கினது?"

"நான்தான்" என்றாள் மனைவி. அந்த ஒரு சொல்லின் சூட்டில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்திருக்கலாம். நான் அவனைத் தோளில் பிடித்துச் சாப்பாட்டு மேசைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

மாமி எதிரே இருந்தார். படம் நடுவில் இருந்தது.

"தம்பி, இவரின்ர மச்சத்தை ஏன் எடுத்தனீங்கள்?"

"அம்மா, அது வடிவில்லை."

"அது வடிவில்லை எண்டு எனக்குத் தெரியாதே? இவ்வளவு காலமும் பக்கத்தில இருந்து பாத்தது நீங்களோ நானோ?"

அவன் தன் சால்வை நுனியை மடித்து மடித்து நீவினான். அப்படி அவன் அடங்கியதை அன்றுதான் கண்டேன்.

"திருப்பி வையுங்கோ" என்றார் மாமி.

எங்கே வைப்பது என்பதில் ஒரு சண்டை. எனக்கு இடப்பக்கம் என்று ஞாபகம். மனைவி வலப்பக்கம் என்றாள். ரொறன்ரோவுக்குத் தொலைபேசி அடித்தோம், தமையன், "இடப்பக்கம், ஆனா அவருக்கு இடப்பக்கமோ எங்களுக்கு இடப்பக்கமோ எண்டு சொல்லேலாது" என்றார். ஒரே வீட்டில் இருந்து, ஒரு மனிதரை ஒவ்வொரு நாளும் பார்த்தவர்கள் எல்லாரும் இப்படி. "எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்கோ" என்று மாமி சொல்வதற்கும் அவன் பிரஷ் நுனியைப் படத்தில் ஓர் இடத்துக்கு நேரே பிடிப்பதற்கும் சரியாக இருந்தது. மாமி தலையாட்டினார். சுரண்டினவனுக்கு இடம் தெரியாமல் போகுமா?

கபிலம், கறுப்பு, ஒரு துளி சிவப்பு. வைத்தான். எனக்குப் போதும் போலிருந்தது. ஒரு மச்சம் மச்சமாக இருந்தால் வேறென்ன வேண்டும்? அவன் தலையைச் சரித்துப் பார்த்துவிட்டு, ஈரப் பஞ்சால் துடைத்து எடுத்தான்.

"ஏனடா?"

"பொட்டு மாதிரி இருக்கு."

திரும்ப வைத்தான். திரும்பத் துடைத்தான். இந்த முறை, "இலையான் மாதிரி இருக்கு." ஒவ்வொரு துடைப்புக்கும் படத்தின் அந்த இடம் கொஞ்சம் மெலிவதாக எனக்குப் பட்டது. "மச்சான், ஓட்டை விழப் போகுது. பேந்து மூக்கையும் நீதான் செய்யவேணும்" என்றேன். என் கை தன்பாட்டில் மேசையில் இருந்த பிஸ்கற்றை எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டிருந்தது. வைக்கச் சொன்னால் வைத்துவிட்டுப் போகமாட்டானா? எடுத்தபோது வடிவுக்காக எடுத்தான். இப்போது வைப்பதும் வடிவாக வேண்டுமாம். இரண்டு பக்கத்தாலும் சாவது நாங்கள்.

"அம்மா, சரிவருகுதில்லை" என்றான் கடைசியில். "ஒட்டி வச்ச மாதிரி நிக்குது. முகத்தோட சேருதில்லை."

மாமி கதிரையை முன்னுக்கு இழுத்தார். பிறகு தன் மூக்கோரத்தில் விரலை வைத்துக் காட்டினார். "தம்பி, அது சும்மா நிக்கிற மச்சம் இல்லை. இவர் ஏதும் சொல்லப் போறார் எண்டால், வாய் திறக்க முதல் அது மேல ஏறும். கோவமெண்டால் கெதியா ஏறும். பகிடியெண்டால் மெல்லமா ஏறும். நான் வாயைப் பாக்கிறேல்லை. அதைப் பாத்துத்தான் மறுமொழிக்கு ஆயத்தமாகிறனான்."

"அசையுமோ?" என்றான் அவன்.

"ஓம்."

"இதில என்ன, கோவமோ பகிடியோ?"

"பகிடி. படமெடுத்த தம்பியாற்ற தேத்தண்ணிக்கு நான் சீனி போட மறந்திட்டன். அதைச் சொல்லப் போறார்."

"அட, இதை முதலே சொல்லியிருக்கலாமே!" என்று என் பக்கம் திரும்பிச் சீறினான். நான் சொல்லவில்லையாம்! மாமாவோடு அத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்த எனக்கு இது அன்றைக்குத்தான் தெரியும். என்னோடு கதைக்கும்போதும் அந்த மச்சம் ஏறியிருக்கும். மெல்லமாகவா, கெதியாகவா? இப்போது யாரைக் கேட்பது?

அவன் மூக்கு படத்தில் முட்டும் அளவுக்குக் குனிந்தான். முதல் வைத்த இடத்தில் இருந்து ஒரு மயிரிழை மேலே, கொஞ்சம் சரிவாக, கீழே ஒரு சின்ன நிழலோடு வைத்தான். நிமிர்ந்தான். நான் பிஸ்கற்றைக்கூட மெல்லவில்லை. மாமா மேசையில் இருந்து எங்களைப் பார்த்து, சீனியைப் பற்றிச் சொல்லப் போனார்.

மாமி கையை நீட்டி அதைத் தொட்டார்.

"ஐயோ அம்மா, ஈரம்!" என்று அவன் கத்தியது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

விரலை எடுத்தபோது மச்சம் மாமியின் விரல்நுனியில் இருந்தது. மாமாவின் முகம் மறுபடி மொட்டை. நண்பன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, உலகத்தில் யாரும் எந்தக் காலத்திலும் வைத்திராத ஒரு மச்சம் அழிந்துவிட்டது என்று துக்கம் கொண்டாடினான். மாமி தன் விரலைப் பார்த்துச் சிரித்தார். செத்தவீட்டுக்குப் பிறகு அந்த வீட்டில் அவர் சிரித்தது அப்போதுதான். "பரவாயில்லை தம்பி. திருப்பி வையுங்கோ. இனி நான் தொடமாட்டன்."

திருப்பி வைத்தான். முதல் வைத்தது போல வரவில்லை என்று அவன் இன்றைக்கும் சொல்வான். "இன்னும் ஒரு துளி வெளிச்சம் குடுத்தால்..." என்று பிரஷைத் தோய்த்தபோது, மாமி படத்தை மேசையில் இருந்து எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார். "காணும். இப்ப அவர்தான்."

அத்தோடு போயிருந்தால் நல்லது. தேத்தண்ணி குடிக்கும்போது அவன் பெட்டியில் இருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்த்தான். முகம் கறுத்தது. "மச்சான், இது பிழை. மச்சம் இல்லாத இந்த முகம் வெறும் முகம். தொப்பியும் வேணும். கொலரும் வேணும். அந்தக் கொலரில என்ன வடிவு! எல்லாத்தையும் திருப்பி அடிப்பம்."

"நாளைக்கு அந்தியேட்டியடா!"

"முப்பத்தொண்டை ஒரு கிழமை தள்ளி முப்பத்தெட்டாக்கேலாதோ?"

இதைக் கேட்டுவிட்டு அவன் பகிடி விடுகிறானா என்று முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. ஐயரைக் கேட்டுப் பார்க்கச் சொன்னான். அவனைக் கோட்டோடும் சால்வையோடும் காரில் ஏற்றி, ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு, ரயில் வெளிக்கிடும் வரை நின்று உறுதிப்படுத்திக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் வீட்டில் கிரியை நடந்தது. குத்துவிளக்கடியில், பெரிய மாலைக்குப் பக்கத்தில், மாமி அந்தச் சின்னப் படத்தை வைத்திருந்தார். பக்கத்து மேசையில் கோட்டுப் போட்ட கனவான்கள் அடுக்கடுக்காக. ஐயர் போன பிறகு ஆட்கள் சாப்பிட்டு, கை கழுவி, ஆளுக்கொன்று எடுத்தார்கள். புகழ்ச்சியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். "என்ன லட்சணம்!" "மனுசனின்ர முகத்தில ஒரு தேசு." மாமாவோடு படித்தவர் ஒருவர், "பள்ளிக்கூடத்தில அச்சொட்டா இப்பிடித்தான் இருந்தவர்" என்று அடித்துச் சொன்னார். இன்னொரு முதியவர் என்னை மூலைக்குக் கூப்பிட்டு, இதைச் செய்தவரின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டார்.

"ஆருக்கு அண்ணை?"

"எனக்குத்தான். பிள்ளையள் பேந்து அவசரத்தில ஏதாவது படத்தைப் போட்டிடுங்கள். நான் இருக்கேக்கையே நிண்டு பாத்துச் செய்விச்சால் நல்லம்."

காலை முதல் ரயிலிலேயே திரும்பவும் வந்திறங்கிவிட்ட என் நண்பன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, பாராட்டு வரும்போதெல்லாம் பல்லுவலிக்காரன் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றான். "பிழையாச் செய்ததைப் போய்ப் புகழுறாங்கள்" என்று என் காதுக்குள் முணுமுணுத்தான். "உனக்கு இப்ப என்னதான் வேணும்?" என்றேன்.

அப்போதுதான் ரொறன்ரோவில் இருந்து வந்த தூரத்து உறவுக்கார அம்மா ஒருவர், கையில் புத்தகத்தோடு விளக்கடிக்கு வந்தார். கனவானைப் பார்த்தார். விளக்கடியில் இருந்த தொப்பிக்காரரைப் பார்த்தார். மறுபடி கனவானைப் பார்த்தார். மாமியின் பக்கம் குனிந்து, தொப்பிக்காரரைக் காட்டி, குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்:

"இது ஆர் மச்சாள்? அவரின்ர தமையனாரோ?"

எனக்கு உடனே பசித்தது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். நண்பன் சுவரோடு ஒட்டினான்.

மாமி அவசரப்படவில்லை. திரியைக் கொஞ்சம் தூண்டிவிட்டார். பிறகு விளக்கடிப் படத்தைச் சுட்டிவிட்டு, அந்த அம்மாவின் கையில் இருந்த புத்தகத்தை மெல்லத் தட்டினார்.

"இல்லை மச்சாள், இதுதான் என்ர மனுசன். அது நீங்கள் கொண்டு போறதுக்கெண்டு செய்தது."